வண்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

பூச்சி போன்ற சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படம் எடுக்கப் பழக வருகிறவர்கள் முதலில் லென்ஸ் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வரும். "அண்ணா, வண்டை ஃப்ரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சா அனக்கமில்லாம இருக்கும்னு சொல்லுதாங்களே, உள்ளதா?"

உள்ளதுதான். பூச்சியின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர வைத்தால் மரத்துப்போகும். ஆனால் அதைச் செய்யாதீர்கள். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. யாரோ வீடியோவில் காட்டியதைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

மரத்துப்போன வண்டால் ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது. படம் எடுத்துவிட்டு இலையில் விட்டுப் போனால் எறும்புக்கோ ஓணானுக்கோ அது சும்மா கிடைத்த இரை. கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்துவிட்டால் அது எழவே எழாது. இதைவிட மோசமான வழிகளும் நடக்கின்றன. காலைப் பசையால் ஒட்டுவது, குண்டூசியில் நிறுத்துவது, பூச்சிமருந்து அடித்துத் தளர வைப்பது. இரண்டு வண்டுகள் நிமிர்ந்து நின்று சண்டை போடுவதுபோலவும், தவளை ஒன்று வண்டின் மேல் சவாரி போவதுபோலவும் வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் பல இப்படி ஜோடிக்கப்பட்டவை.

பழகிய கண்ணுக்கு இது தெரிந்துவிடும். நம் குமரி மாவட்டக் காற்றில் ஈரம் அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுமே வண்டின் உடம்பெல்லாம் நீர் பூக்கும், அது உட்கார்ந்திருக்கும் இலையோ காய்ந்து கிடக்கும். உண்மையான பனி அப்படி ஆள் பார்த்து இறங்காது, இலையிலும் இருக்கும், பூச்சியிலும் இருக்கும். கால்களைப் பாருங்கள். உயிருள்ள வண்டு நுனி நகங்களால் இலையைப் பற்றியிருக்கும், செத்ததன் கால்கள் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அப்புறம் உணர்கொம்பு. விழித்திருக்கும் வண்டு அதை முன்னால் நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) கொடியைப் புரட்டாமல், குனிந்து பாருங்கள். இலையில் வட்ட வட்டமாகத் துளைகள் இருந்தால் அருகில் ஆமை வண்டு இருக்கலாம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஓட்டின் விளிம்பு ஒளி ஊடுருவும்படி மெலிந்து சுற்றிலும் விரிந்திருக்கும், நடுவில் சில இனங்களுக்குத் தகதகவென்று பொன் நிறம். அந்த நிறம் அதன் மேலோட்டின் அடுக்குகளுக்குள் இருக்கும் ஈரத்தால் வருவது. வண்டு செத்து ஈரம் வற்றினால் பொன் போய்விடும், மங்கிய பழுப்புதான் மிஞ்சும். நாம் சிறுவயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்த பொன்வண்டு வேறு வகை. அதன் நிறம் மேலோட்டின் நுண்ணிய அடுக்கமைப்பிலேயே இருப்பதால் செத்த பிறகும் நிலைக்கும். அதனால்தான் அதன் இறக்கை ஓடுகளை நகையிலும் துணிவேலைப்பாட்டிலும் வைத்துத் தைத்தார்கள். ஆமை வண்டுக்கு அது முடியாது. அதன் பொன்னைப் படமெடுக்க வேண்டுமென்றால் அது உயிரோடு, நலமாக இருந்தாக வேண்டும்.

அதே கொடியில் இலையின் அடியில் அதன் புழுக்களும் இருக்கும். அவற்றின் முதுகுக்கு மேல் கறுப்பாக ஏதோ குப்பை ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். அது புழு தன் எச்சத்தையும் உரித்த தோல்களையும் வாலிலுள்ள கவையில் சேர்த்துச் சுமக்கிற கேடயம். எறும்பு நெருங்கினால் அந்தப் பக்கமாக அதைத் தூக்கிக் காட்டித் தடுக்கும். "படம் சுத்தமாக வரட்டும்" என்று அதைக் குச்சியால் தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டிவிட்டால் அந்தப் புழு தன் கேடயத்தை இழந்துவிடும். பூச்சியின் மேல் இருப்பது எதுவானாலும் அப்படியே இருக்கட்டும்.

சரி, தொடாமல் எப்படி எடுப்பது? விடியற்காலையில் போங்கள். இரவுக் குளிரில் பூச்சி தானாகவே மந்தமாக இருக்கும், ஃப்ரிட்ஜ் செய்வதை இயற்கை கேடில்லாமல் செய்து வைத்திருக்கும். வெயில் ஏறினால் அது பறந்துவிடும், நீங்களும் வீட்டுக்குப் போகலாம். காற்றும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் அடங்கும். நமக்குக் காற்று பெரிய விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் தோவாளைப் பக்கம் செடியில் இருக்கும் பூச்சியைக் குவிப்பது வீண் வேலை. மேற்கே குலசேகரம், திற்பரப்புப் பக்கம் மரங்களுக்கு நடுவே போனால் தேவலை, மழைக்கு மட்டும் உறை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியின் உண்மையான அளவே சென்சாரில் பதிகிற ஒன்றுக்கொன்று உருப்பெருக்கத்தில், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22க்குப் போய் அதைக் கூட்டப் பார்க்காதீர்கள், ஒளி சிதறிப் படம் முழுக்க மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும். கண்ணில் குவியுங்கள், மற்றது மங்கினால் மங்கட்டும். குவிப்பு வளையத்தைத் திருகிக்கொண்டிராமல் உடம்பை இம்மி இம்மியாக முன்னே சாய்த்து, கண் தெளிகிற கணத்தில் அழுத்துங்கள். வண்டின் ஓடு வழவழப்பானது. ஃப்ளாஷ் ஒளி நேராகப் பட்டால் வெள்ளைப் பொட்டு விழுந்து நிறமே தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை வெட்டியோ, பார்சலில் வருகிற மெல்லிய ஃபோம் தாளை மடித்தோ ஒளியை மென்மையாக்குங்கள். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. மின்மினிக்கு மட்டும் ஃப்ளாஷும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடுவது அந்த வெளிச்சத்தை வைத்துத்தான்.

பழகுவதற்கு அசையாத பூச்சிதான் வேண்டுமா? நம் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் மணத்தால் வண்டை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்கள். தோப்புக்காரரிடம் கேட்டால் வாளியில் செத்துக் கிடப்பதை மகிழ்ச்சியோடு தருவார். கூன்வண்டின் நீண்ட மூக்கை உருப்பெருக்கிப் பாருங்கள். மேல்புறம் முடிக்கற்றை இருந்தால் ஆண், வழுக்கையாக இருந்தால் பெண். குவிப்பைத் தள்ளித் தள்ளிப் பல படங்கள் எடுத்து அடுக்கிச் சேர்க்கப் பழக இதைவிட நல்ல மாதிரி கிடையாது. வெளியிடும்போது "பொறியில் செத்த வண்டு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

உயிருள்ளதுதான் வேண்டும் என்றால் ரப்பர் தோட்டம் இருக்கவே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் சருகுக்கு அடியில் பெருகி, கோடை மழை விழுந்ததும் வீட்டுக் கூரைக்குள் கூட்டம் கூட்டமாக ஏறுகிற முப்ளி வண்டுக்குப் பஞ்சமே இல்லை. கறுத்துப் பளபளக்கும் அதன் முதுகில் ஒளியைச் சரியாக விழவைக்கக் கற்றுக்கொண்டால் எந்த வண்டையும் எடுக்கலாம். கையால் நசுக்காதீர்கள், அது விடும் திரவம் தோலை எரிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல் ஓரத்தில் இரவு விளக்கு வைத்துப் படமெடுக்கிறவர்கள், எறும்புபோல் நீண்டு செம்மஞ்சளும் கறுப்புமாக ஒரு சிறு வண்டு கழுத்தில் ஏறினால் அடிக்காதீர்கள், ஊதிவிடுங்கள். நசுங்கினால் அதன் உடலிலுள்ள நஞ்சு பட்ட இடம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளமாகும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். புல்லில் முழங்காலிட்டுப் படமெடுத்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புல்லில் இருந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைஃபஸ்) கண்டுபிடிக்க அந்தத் தகவல் முக்கியம்.

காளிகேசம், கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி தர இடம் கொடுக்கிறது, ஆனால் உயிரினத்துக்கும் அதன் வாழிடத்துக்கும் கேடு வராமல் எடுக்க வேண்டும் என்கிறது. பூச்சியும் அதில் அடக்கம். டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையே கூடாது.

கல்லூரிகளிலும் சங்கங்களிலும் படப்போட்டி நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசுக்குத் தேர்வாகும் பூச்சிப் படத்துக்கு கேமராவில் பதிந்த அதன் மூலக் கோப்பை மட்டும் கேட்காமல், முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வரிசையாகக் கேளுங்கள். நேர்மையாக எடுத்தவரிடம் தூரத்திலிருந்து நெருங்கியது, கண்ணில் குவிப்பு தப்பியது, உணர்கொம்பு இடம் மாறியது, பூச்சி திரும்பிக்கொண்டது எல்லாம் இருக்கும். ஒட்டி வைத்து எடுத்தவரிடம் எல்லாப் படத்திலும் ஆறு காலும் ஒரே இடத்தில் இருக்கும்.