டிப்ளாய்மென்ட்: வரிசைப்படுத்தலா, களமிறக்கமா?

இயந்திரம் மொழிபெயர்த்த மேகக்கணி (கிளவுட்) உதவிக் குறிப்புகளில், ‘டிப்ளாய் யுவர் ஆப்’ என்பதற்கு ‘உங்கள் பயன்பாட்டை வரிசைப்படுத்தவும்’ என்ற வரி தலைகாட்டாத நாளில்லை. இருப்பது ஒரே ஒரு பயன்பாடு. அதை எப்படி வரிசைப்படுத்துவது? அகர வரிசையிலா, உயர வரிசையிலா?

டிப்ளாய் என்பதன் வேர் லத்தீன் ‘டிஸ்ப்ளிகாரே’, மடிப்பைப் பிரித்தல். டிஸ்ப்ளேயும் இதே வீட்டுப் பிள்ளைதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலப் படைத்துறைக்குள் வந்தது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நெடுக்காக நடந்துவரும் படை, போர்முனையில் அகலமாகப் பிரிந்து நிற்பது டிப்ளாய். அந்த அணியிலிருந்து வரிசையை மட்டும் யாரோ பிய்த்தெடுத்திருக்க வேண்டும்.

மென்பொருளில் அணிவகுப்பு ஏது? எழுதிய நிரலைக் கட்டி, சர்வரில் ஏற்றி, பழையதை விலக்கி, பயனர் கோரிக்கைகளைப் புதியதன் பக்கம் திருப்பிவிடுகிறோம்; அவ்வளவுதான். ‘வரிசைப்படுத்து’ என்ற சொல்லுக்கோ ஸார்ட் என்ற வேலை ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலின் தலைப்பில் ஒரு ‘வரிசைப்படுத்து’, அதே திரையின் மூலையில் இன்னொரு ‘வரிசைப்படுத்து’ என்றால், முதலாவது தேதிகளை இடம் மாற்றும். இரண்டாவது பாதி எழுதிய நிரலை வாடிக்கையாளர் முன் கொண்டுபோய் நிறுத்தும்.

‘நிறுவு’ இன்ஸ்டாலுக்குப் போய்விட்டது. ‘வெளியீடு’ ரிலீஸ், நிரல் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தும் புதிய வசதியைப் பயனருக்குத் திறக்காமல் வைத்திருக்கலாம் என்பதால் அதை டிப்ளாயோடு குழப்பக் கூடாது. ‘நிலைநிறுத்து’ கேட்க கம்பீரம்தான். ஆனால் ஒரே நாளில் பத்து முறை மாறும் ஒன்றில் நிலை எங்கே இருக்கிறது? ‘களமிறக்கு’ இத்தனைக்கும் ஈடுகொடுக்கிறது. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் புழங்கும் சொல். களமிறக்கினோம், களமிறங்கியது என்று பிறவினையும் தன்வினையும் தானாக அமைகின்றன. பழைய பதிப்புக்கே திரும்பும் ரோல்பேக்கிற்குப் ‘பின்வாங்கல்’ பக்கத்திலேயே கிடைக்கிறது. நெல் களத்திலிருந்து களஞ்சியத்துக்குப் போகும், இங்கே நிரல் களஞ்சியத்திலிருந்து (ரெப்போசிட்டரி, நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) களத்துக்கு வருகிறதே என்று ஒரு தடை எழலாம். இது நெற்களம் இல்லை, போர்க்களம் என்பதே பதில்.

இதைவிடப் பெரிய கொடுமை டிப்ளாய் கீக்கு வந்த ‘வரிசைப்படுத்தல் விசை’. தட்டுவது விசை, திறப்பது சாவி. (சாவி போர்த்துகீசியச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள் திறவுகோல் என்று எழுதிக்கொள்ளட்டும்.) இதில் ஆங்கிலப் பெயரே பாதிப் பொய்: அந்தச் சாவி எதையும் களமிறக்காது. சொந்த சர்வரில் கிட்டி, கிட்லேப் போன்ற நிரல் களஞ்சிய மென்பொருள் வைத்திருப்பவர், ஒரு களஞ்சியத்தைப் படிக்க மட்டும் மேகக்கணித் தளத்துக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் (சர்வரோடு பாதுகாப்பாக இணையும் முறை) சாவி அது. ‘படிப்புச் சாவி’ என்றாலே போதும்.

பெயர் தெளிந்தால் வேலையும் தெளியும். ஈடி25519 என்ற கையொப்ப முறை வகையில், பொதுச் சாவியும் தனிச் சாவியும் கொண்ட ஒரு சாவி இணை உருவாக்குங்கள். பொதுச் சாவி களஞ்சியத்தின் அமைப்புகளுக்குள் போகும். எழுதும் உரிமைக் கட்டத்தில் டிக் வேண்டாம். தனிச் சாவி மேகக்கணியின் ரகசியப் பெட்டகத்துக்குள். களஞ்சியத்துக்கு ஒரு சாவி என்று வைத்தால், ஒன்று கசிந்தாலும் அதை மட்டும் நீக்கினால் போதும். தனிச் சாவியை ஒட்டும்போது கடைசி வரியின் முடிவிலுள்ள புதுவரிக் குறி உதிர்ந்துவிடலாம். ‘செல்லாத வடிவம்’ என்று பிழை வந்தால் முதலில் அங்கே பாருங்கள். கோப்பாக எழுதினால் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) இருக்க வேண்டும், தளர்ந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியைத் தொடாது. சர்வர் 2222ஆம் போர்ட்டில் இருந்தால், ‘எஸ்எஸ்ஹெச்://’ என்று தொடங்கும் முழு முகவரிதான் எழுத வேண்டும். ‘பயனர்@சர்வர்:பாதை’ என்ற சுருக்க வடிவில் முக்காற்புள்ளிக்குப் பின் வருவதெல்லாம் பாதை. 2222 என்ற பெயரில் ஒரு கோப்புறையைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பும்.

மறுபக்கம், களஞ்சியத்துக்குப் புதிய நிரல் வந்ததை மேகக்கணித் தளத்துக்குச் சொல்லும் வெப்ஹுக். ‘வலைக்கொக்கி’ என்று மீன்பிடிக்கப் போக வேண்டாம், ‘அறிவிப்பழைப்பு’ எனலாம். கிட்டி போன்றவற்றில் அதன் ரகசியச் சொல்லைக் கொண்டு ஹெச்மேக் கையொப்பத்தை (செய்தி மாறவில்லை என்று காட்டும் குறி) சரிபார்க்கும்போது, வந்த செய்தியின் மூல பைட்டுகளையே எடுக்க வேண்டும். ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

இனி ஹோஸ்ட் கீ, எஸ்எஸ்ஹெச் இணைப்பில் சர்வர் தன் அடையாளத்தைக் காட்டும் சாவி. மொழிபெயர்ப்பில் இது ‘புரவலன் விசை’. பாணனுக்கு யானை கொடுத்தவர் புரவலர். இங்கே இருப்பது சர்வர். (படிக்க மட்டும் உரிமையுள்ள சாவியோடு வாசலில் நிற்பதை இரவலன் என்றால் ஒருவேளை பொருந்தும்.) ‘சர்வர் சாவி’ என்று நேராக எழுதினால், இதைச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை எதற்கு அணைக்கக் கூடாது என்பதும் புரியும்: அணைத்தால் நடுவில் வேறொரு சர்வர் நுழைந்து வேறு நிரலைக் கொடுத்தாலும் கேள்வியில்லாமல் களமிறங்கும். சர்வரில் உட்கார்ந்தே அதன் சாவியின் எஸ்ஹெச்ஏ256 கைரேகையை (சாவியின் சுருக்க அடையாளம்) பார்த்து, தெரிந்த சர்வர்களின் சாவிகள் இருக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். போர்ட் 2222 என்றால் அந்தக் கோப்பில் சர்வர் பெயர் சதுர அடைப்புக்குள், அதன்பின் முக்காற்புள்ளி, எண். அடைப்பை விட்டால் பதிவு இருந்தும் ‘தெரியாத புரவலன்’ என்றே சொல்லும்.