ஓத்தெல்: நகர்ப்பெருமனை

‘ஓட்டல்’ என்றதும் தமிழர் மனத்தில் உணவகமோ தங்கும் விடுதியோ தோன்றும். அச்சொல்லின் பிரெஞ்சு மூலமாகிய ‘ஓத்தெல்’ விடுதியைக் குறிப்பதோடு, நகருக்குள் ஒரு செல்வக் குடும்பம் தன் குடியிருப்புக்கெனக் கட்டிய பெருவீட்டையும் குறிக்கும். இப்பொருளைத் தெளிவாக்க ‘ஓத்தெல் பர்த்திகுலியே’ என்பர். ‘பர்த்திகுலியே’ என்பது தனியொருவருக்கு உரியது என்று பொருள்படும்.

இதன் வேர், விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறித்த ‘ஓஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதிலிருந்து ‘ஓஸ்பித்தாலே’ பிறந்து, பழைய பிரெஞ்சில் ‘ஓஸ்தெல்’ ஆகி, பின்னர் ‘ஸ்’ ஒலி மறைந்தது. மறைந்த எழுத்தின் அடையாளமாக ‘ஓ’ மீது இன்றும் ஒரு கூரைக்குறி இடப்படுகிறது. ஆஸ்பத்திரி என்று நாம் வழங்குவதும் இவ்வேரின் கிளையே. ஆகவே, ‘ஓத்தெல் தியே’ பழைய மருத்துவமனை. ‘ஓத்தெல் து வில்’ நகர்மன்றம். புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடமும் இப்பெயர் பெற்றதே. அதை ‘நகர விடுதி’ என்று பெயர்த்தால் பிழையாகும்.

இவ்வகை வீட்டுக்கு நடுக்காலத்தின் இறுதியிலிருந்து ஒரு சான்று, பிரான்சின் பூர்ழ் நகரில் ழாக் கேர் கட்டிய வீடு. ஏழாம் சார்ல் மன்னனின் கருவூலப் பொறுப்பில் இருந்த இப்பெருவணிகர் 1443இல் பணியைத் தொடங்கினார். 1451இல் சிறைப்பட்டு, பின்னர் தப்பி, 1456இல் கியோசுத் தீவில் இறந்தார். வீட்டின் ஒரு பக்கம் உரோமர் கால மதில்மேல் எழுந்துள்ளது. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள படிக்கட்டுக் கோபுர வாயில்களின் மேல், உள்ளே நடக்கும் பணியே சிற்பமாக அமைந்திருக்கிறது: அடுக்களைக்குச் செல்லும் வாயிலில் சமையற்காட்சி, சிற்றாலயத்துக்குச் செல்லும் வாயிலில் வழிபாட்டுக்கான ஆயத்தம். ‘கேர்’ என்றால் இதயம், சிப்பியோ புனித ழாக்கின் சின்னம்; அவர் பெயருக்கேற்ப இவ்விரண்டும் கல்லெங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. தெருமுகப்பில், கல்லில் செதுக்கிய பொய்ச்சன்னல்களிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வீதியை எட்டிப் பார்க்கின்றனர். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவ்விருவரும் அந்த வீட்டாராகவே தோன்றுவது எனக்குத் தீராத வியப்பு. பிரான்சின் 1840ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பட்டியலிலேயே இவ்வீடு இடம்பெற்றது.

இதற்கு இன்று வழங்கும் பெயர் ‘பலே ழாக் கேர்’. அதை ‘அரண்மனை’ என்று பெயர்ப்பது பொருந்தாது, ஏனெனில் இது மன்னன் வீடன்று. பிற்காலத்தில் இங்கே நீதிமன்றம் இயங்கியது. பிரெஞ்சில் நீதிமன்றக் கட்டடத்தையும் ‘பலே’ என்பர்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மாளிகை’ மிகப் பொதுவானது. சங்கச் செய்யுளில் ‘நகர்’ என்பதே மாளிகையைக் குறித்தது. இன்று அப்பொருள் வழக்கிழந்துவிட்டது. ‘மனை’ மட்டும், ஓத்தெலைப் போலவே, இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் இடந்தருகிறது. தனித்து நின்றால் வீடு கட்டும் நிலம் என்று கொள்ளப்படும் என்பதால், அடைமொழி சேர்த்து ‘நகர்ப்பெருமனை’ என்பதே என் பரிந்துரை. ‘ழாக் கேரின் நகர்ப்பெருமனை’ என்று எழுதினால் விடுதி என்ற மயக்கமும் அரசன் என்ற மயக்கமும் எழுவதில்லை.