கரடி பயமும் விநாடிக்கு மூணு சென்டிமீட்டரும்

கோத்தகிரி பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. ராத்திரி லைன் வீட்டு வாசல்ல கரடி வந்து கதவைப் பிறாண்டிட்டுப் போனதுல இருந்து ஆறு வயசுப் பொண்ணு தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு அழுவுதாம், மாமியார் மந்திரிச்சு தாயத்து கட்டுங்கிறாங்க, வீட்டுக்காரர் அழுது ஓயட்டும் அப்பதான் தைரியம் வரும்ங்கிறார், இவங்க பாட்டுக்கு முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, அதுல ஏதும் பிரயோஜனம் இருக்கான்னு கேள்வி.

நல்லாவே இருக்குக்கா.

பயம் வந்தா மூளைக்குள்ள ஆபத்தைக் கவனிக்கிற அமிக்டலா மணியடிக்கும், அட்ரினலின் ஏறும், பின்னாடியே கார்டிசால்ங்கிற இன்னொரு ஹார்மோனும் வரும், நெஞ்சு படபடக்கும், இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். மணியை நிறுத்துற வேலை நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதியோடது, ஆனா அது முழுசா முதிர இருபது வயசு தாண்டிடும். ஆறு வயசுல அதை நம்பி "தைரியமா இரு"ன்னு சொல்றது நடக்காத காரியம். பக்கத்துல இருக்கிற பெரியவங்க நிதானமா இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுதான் பிள்ளை அடங்கும், தனியா விட்டா களைச்சுப் போய்த்தான் ஓயும்.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். தொடுறதைச் சொல்ல நம்ம தோல்ல ரெண்டு வகை நரம்பிழை இருக்கு. ஒண்ணு வேகமானது, விநாடிக்கு சுமார் 50 மீட்டர் ஓடும், எங்க பட்டுச்சு எவ்வளவு அழுத்திச்சுன்னு உடனே மூளைக்குச் சொல்லிடும். இன்னொண்ணு நம்ம மேட்டுப்பாளையம் மலை ரயில் மாதிரி, விநாடிக்கு ஒரு மீட்டர்தான், ஆடி அசைஞ்சு போகும். பேரு சி-டாக்டைல். பிள்ளையோட கால்ல இருந்து சேதி மேல போய்ச் சேர ஒரு விநாடி கிட்ட ஆயிடும்! அவ்வளவு லேட்டா வர்ற சேதியை வச்சு பூச்சி கடிச்சதுன்னு கையை இழுக்க முடியாது, அதுக்கு இது இல்லவும் இல்ல. இது மூளையில இன்சுலாங்கிற பகுதிக்குப் போகுது, தொட்டது இதமா இருக்கா இல்லையான்னு உணர்றதுக்கு அந்த இடம் முக்கியம்.

இதுல அழகு என்னன்னா இந்த இழைக்கு எல்லா தொடுதலும் பிடிக்காது. விநாடிக்கு 1ல இருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல மெதுவா வருடினாதான் அது நல்லா துடிக்கும், சுமார் மூணுல உச்சம், அதை விட ரொம்ப மெதுவா இழுத்தாலும் சுணங்கிடும் பரபரன்னு தேய்ச்சாலும் சுணங்கிடும். வேகம் மட்டும் இல்ல, தொடுற பொருள் தோல் சூட்டுல, அதாவது 32 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கணும், ஜில்லுன்னு இருந்தாலும் சுட்டாலும் துடிப்பு குறையுது. மனுஷக் கைன்னு தெரிஞ்சு செஞ்சு வச்ச மாதிரி இருக்குல்ல? முடி இருக்கிற தோல்லதான் இது நிறைய, முதுகு, கை, கன்னம் எல்லாம் அப்படி, உள்ளங்கையில ரொம்பக் குறைவு.

ஒன்பது மாசக் குழந்தைங்களை பிரஷ்ஷால மூணு வேகத்துல, அதாவது விநாடிக்கு 0.3, 3, 30 சென்டிமீட்டர்ல வருடிப் பார்த்தாங்க, 2014ல வந்த ஆய்வு. நடுவுல இருக்கிற 3க்குத்தான் இதயத் துடிப்பு இறங்குச்சு. இன்னொரு ஆய்வுல பெத்தவங்களை தன் குழந்தையை வருடச் சொன்னாங்க, செயற்கைக் கை ஒண்ணையும் வருடச் சொன்னாங்க. பொம்மைக் கையை வேகமா தேய்ச்சுட்டாங்க, குழந்தைகிட்ட வந்ததும் யாரும் சொல்லாமயே அந்த மெதுவான வேகத்துக்கு வந்துட்டாங்க.

1939ல சோட்டர்மன்னு ஒரு ஸ்வீடன்காரர் இந்த மெதுவான நரம்பிழையைப் பூனைகிட்ட கண்டுபிடிச்சார், மனுஷனுக்கு இது இல்லைன்னே ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க, நரம்புக்குள்ள ஊசி விட்டு சிக்னலைக் கேக்குற முறை வந்தப்புறம் 1990 வாக்குலதான் நமக்கும் இருக்குன்னு தெளிவாச்சு. அம்பது வருஷம்! இங்க அப்படி ஒருத்தர் பூனை நரம்புக்கு ஃபண்ட் கேட்டா முதல் மீட்டிங்லயே "இதனால என்ன யூஸ்"னு திருப்பி அனுப்பிருவாங்க, அது எனக்கு எப்பவும் எரிச்சல்.

சரி, மந்திரிப்புக்கு வருவோம். வேப்பிலையை வச்சு உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் மெதுவா வருடுவாங்க, பிள்ளை அசந்து தூங்கும். அதுல வேலை செஞ்சது மந்திரம் இல்ல, வருடலும் அம்மா மடியும்தான்னு என் சந்தேகம், சோதிச்சுப் பார்த்தது இல்ல. ஆனா மாமியாரோட சண்டை போடாதீங்க, அவங்களையே பேத்தியைத் தடவச் சொல்லுங்க, தாயத்து மட்டும் வேணாம், தூங்கும்போது கழுத்துல கயிறு இருக்கிறது ஆபத்து.

நம்ம ஊர் குளிருக்கு ஒரு டிப்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு கம்பளிக்கு வெளிய வந்த கை ஐஸ் மாதிரி இருக்கும், ரெண்டு கையையும் நல்லா தேய்ச்சு சூடாக்கிட்டு ஸ்வெட்டருக்கு உள்ள விட்டுத் தடவுங்க. கழுத்துல இருந்து இடுப்புக்கு ஒரு தடவு வர எட்டு பத்து விநாடி ஆகட்டும். சில பிள்ளைங்களுக்கு, குறிப்பா ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்களுக்கு, லேசான தொடுதல் எரிச்சலா இருக்கும், அவங்களை வற்புறுத்தாதீங்க. கரடி பத்திப் பேசுறதைப் பகல்ல வச்சுக்கோங்க. ஒரு மாசம் தாண்டியும் இதே மாதிரி இருந்தா, இல்ல ஸ்கூலுக்கே போக மாட்டேங்குதுன்னா, டாக்டர்கிட்ட காட்டுங்க, 14416க்கு போன் போட்டா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி லைன்ல தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

மூத்த பையனுக்கு பதினொண்ணு ஆச்சு, அவனுக்கும் இதெல்லாம் செய்யலாமான்னு கடைசியில ஒரு வரி கேட்டிருந்தீங்க. தாராளமா, இந்த நரம்பிழை பெரியவங்களுக்கும் வேலை செய்யுது. ஆனா அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்க, அதை வீட்டுக்காரர் செஞ்சா இன்னும் நல்லது.