நசுங்கிய படியால் எத்தனை முறை அளந்தாலும்…

போன வாரம் இன்னொரு மின்னஞ்சல். இந்த வருடத்தில் இது நான்காவது. அனுப்பியவர் ஆராய்ச்சி மாணவர், கெட்டிக்காரர் என்பது அவர் எழுதிய நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவை இறக்கி, 100, 143 ஜிகாஹெர்ட்ஸ் வரைபடங்களிலிருந்து அந்த ஒளியின் பி-மோடு போலரைசேஷனைக் கணக்கிட்டிருக்கிறார். (போலரைசேஷன் என்பது ஒளி அலை ஒரு திசையில் கூடுதலாக அதிர்வது; வானத்தில் அது சுழல் போல அமைந்தால் பி-மோடு, சுழலில்லாமல் அமைந்தால் ஈ-மோடு.) பெரிய கோண அளவுகளில் ஒரு மேடு தெரிகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகள் பி-மோடில் தடம் பதிக்கும் என்பதால் கேட்கிறார்: “ஆதி ஈர்ப்பலையாக இருக்குமா சார்?”

இருக்காது. அதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். ஆனால் என்னை உறுத்துவது வேறு. நாலு பேரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: விண்வெளியில் வளிமண்டலம் இல்லை, இரண்டரை வருடத் தரவைச் சராசரி எடுத்தாகிவிட்டது, எனவே பிழை மிகக் குறைவு.

அந்த ‘எனவே’தான் தப்பு.

ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என்று பள்ளிப் புத்தகத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள், பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அரிசியை ஒரு படியால் அளக்கிறீர்கள். சில தடவை தலை தட்டுகிறது, சில தடவை கொஞ்சம் கூம்பாக நிற்கிறது. இது ஒழுங்கற்றது. நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் அடங்கிவிடும், நாலு மடங்கு தரவு சேர்த்தால் பாதியாகும். ஆனால் படியின் அடியே நசுங்கியிருந்தால்? ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி குறையும், ஆயிரம் முறை அளந்தாலும் அதே ஒரு பிடி குறையும். இன்னும் மோசம், ஆயிரம் முறை அளந்ததால் உங்கள் பிழைக்கோடு சுருங்கிவிடும், தப்பான எண்ணைப் பல மடங்கு நம்பிக்கையோடு சொல்வீர்கள். தயவுசெய்து இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

பிளாங்கில் ஒன்றுக்கொன்று செங்குத்தான அதிர்வுத் திசைகளை உணரும் ஜோடி போலோமீட்டர்கள் (விழும் ஒளியின் வெப்பத்தை அளக்கும் உணரிகள்) உண்டு. இரண்டின் வித்தியாசம்தான் போலரைசேஷன். அந்த ஜோடியில் ஒன்றின் கெய்ன் (சிக்னலைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால் என்ன ஆகும்? சூரியக் குடும்பத்தின் நகர்வால் வரும் இருமுனை வெப்ப வேறுபாடு (வானத்தின் ஒரு பக்கம் சற்றுச் சூடாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குளிராகவும் தெரிவது) 3.36 மில்லிகெல்வின், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 3 மைக்ரோகெல்வினுக்கு மேல். வானத்தில் இல்லாத அவ்வளவு போலரைசேஷன் உங்கள் வித்தியாசத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெரிய கோண அளவுகளில் ஈ-மோடே ஒரு மைக்ரோகெல்வினை எட்டாது. நீங்கள் தேடும் பி-மோடு அதைவிடவும் பல மடங்கு சிறியது. போதாக்குறைக்கு, பிளாங்க் ஒவ்வொரு ஆறு மாதமும் ஏறக்குறைய அதே பாதையில் வானத்தைச் சுற்றிப் பார்த்தது, ஆகவே அதே கசிவு அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். சராசரி எடுத்தால் எங்கே போகும் அது?

ஏடிசி கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013 இல் முதல் தரவு வெளியான சமயத்தில், போலோமீட்டர்களின் கெய்ன் ஓரிரு சதவீதம் ஏறி இறங்குவதாகத் தெரிந்தது. 0.1 கெல்வினில் அத்தனை நிலையாகக் குளிர்வித்து வைத்த கருவி ஏன் அப்படி ஆட வேண்டும்? ஆடவே இல்லை. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 16-பிட் ஏடிசி சிப்பில், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே சீராக இல்லை, அளவின் நட்டநடுவில் குறை இன்னும் பெரிது, சிக்னலும் அந்த நடுப்பகுதியைச் சுற்றியே இருந்தது. ஏவுவதற்கு முன் தரையில் இதைப் போதிய நுணுக்கத்தோடு அளந்து வைக்கவில்லை. 2012 ஜனவரியில் குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து போலோமீட்டர்கள் 4 கெல்வின் வாக்கில் சூடேறின, இனி வானத்தைப் பார்க்க உதவாது. ஆனாலும் அணைத்துவிடாமல் அப்படியே ஓடவிட்டுத் தரவு எடுத்து, சிப்பின் குறையை எண் எண்ணாக வரைந்தார்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

அப்படியும் 2015 வெளியீட்டில், நம் மாணவர் ஆசையோடு எடுத்த 100, 143 ஜிகாஹெர்ட்ஸ் போலரைசேஷன் வரைபடங்களின் பெரிய கோண அளவுப் பகுதியை வடிகட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். கருவியைக் கட்டியவர்களே நம்பத் தயங்கிய பகுதி அது! மறு அயனியாக்கத்தின் ஒளியியல் ஆழத்தைப் பாருங்கள், அதாவது முதல் நட்சத்திரங்கள் பிரபஞ்ச வாயுவை அயனியாக்கியபோது விடுபட்ட எலெக்ட்ரான்கள் இந்த ஒளியை எவ்வளவு சிதறடித்தன என்று சொல்லும், பெரிய கோண ஈ-மோடிலிருந்து கிடைக்கும் எண்: 2003 இல் பிளாங்குக்கு முந்தைய நாசா விண்கலமான டபிள்யூமேப் சொன்னது 0.17, 2018 இல் பிளாங்க் சொன்னது 0.054. கருவியையும் முன்புற ஒளியையும் (நம் பால்வீதியிலிருந்து வருவது) கையாளும் விதம் மேம்பட மேம்பட இறங்கிய எண் அது.

(2014 இல் தென் துருவத்து பைசெப்2 தொலைநோக்கி ஆதி ஈர்ப்பலையைக் கண்டதாக அறிவித்த விவகாரத்தை உடனே இழுக்காதீர்கள். அங்கே கருவி பார்த்தது உண்மையான சிக்னல், ஆனால் அது நம் பால்வீதியின் தூசி. வேறு பாடம்.)

சரி, என்ன செய்ய வேண்டும்? தரவை இரண்டாகப் பிரித்துக் கழித்துப் பாருங்கள். முதல் பாதி, இரண்டாம் பாதி; இந்தப் போலோமீட்டர்கள், அந்தப் போலோமீட்டர்கள். வானம் ஒன்றுதான், கழித்தால் இரைச்சல் மட்டுமே மிஞ்ச வேண்டும். மேடு மிஞ்சினால் அது கருவியுடையது. கழித்து ஒன்றுமே மிஞ்சவில்லையா, அப்போதும் துள்ளாதீர்கள், இரண்டு படியும் ஒரே மாதிரி நசுங்கியிருக்கலாம். எது தேறியது, எது தேறவில்லை என்ற எல்லையை விடையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள், பார்த்த பிறகு நகர்த்தாதீர்கள்.

கோணத்தையும் மறக்காதீர்கள். டிடெக்டரின் திசை அரை டிகிரி பிசகினால் ஈ-மோடு பி-மோடாக வேடம் போடும். ஈ-பி தொடர்பு பூஜ்யம் என்று வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம்தான், ஆனால் அப்படிச் செய்துவிட்டு அதே தரவில் பிரபஞ்ச இரட்டை ஒளிவிலகலை, அதாவது வரும் வழியிலேயே ஒளியின் போலரைசேஷன் திசை திரும்புவதைத் தேடக் கூடாது, அதுவும் ஈ-பி தொடர்பாகவே தெரியும். 2020 இல் ஆய்வாளர்கள் மினாமியும் கொமாட்சுவும் அந்தத் திருப்பம் 0.35 டிகிரி, பிழை 0.14 என்று சொல்ல முடிந்ததே, பால்வீதியின் ஒளியைக் கொண்டு கருவியின் கோணத்தைத் தனியே பிரித்தெடுத்ததால்தான்.

ஜப்பான் தலைமையில் திட்டமிடப்படும் லைட்பேர்டு விண்கலத்தில் சுழலும் அரை அலைத் தகடு (போலரைசேஷன் திசையைச் சுழற்றும் தகடு) வருகிறதே, இதெல்லாம் தீர்ந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றை டிடெக்டரே போலரைசேஷனை அளக்கும், ஜோடியைக் கழிக்கும் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் தகடும் ஒரு கருவிதான், அதற்கென்று தனிக் குறைகள் உண்டு.

மாணவருக்குப் பதில் எழுதிவிட்டேன். பிளாங்க் குழு ஏடிசி உட்படக் கருவியின் குறைகளைச் சேர்த்துச் செய்த 300 இரைச்சல் சிமுலேஷன்கள் (கணினியில் உருவாக்கிய போலித் தரவுகள்) 2018 வெளியீட்டோடு பொதுவில் இருக்கின்றன. எல்லாவற்றையும் இறக்க வட்டில் இடம் இல்லையென்றால் முதலில் ஐம்பதை எடுங்கள், அதே நிரலை அப்படியே அவற்றின் மீது ஓட்டுங்கள், உங்கள் மேடு அந்தக் கூட்டத்துக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.