இற்றைப்படுத்தல்: ஒரு சொல்லின் நாள்கணக்கு

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி நிரலாக்கம் படிக்கிறோம். பலர் வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள். தமிழில் சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது என்பதால் பாடக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். ரஸ்ட் மொழியைத் தொடங்கிய அன்று குறிப்பின் முதல் வரி இது: "தொகுப்பியைப் புதுப்பிக்கவும்." தொகுப்பி என்றால் கம்பைலர், நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தரும் மென்பொருள். கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் உபுண்டு இயங்குதளம் உள்ள தம் கணினியில், மென்பொருள்களை நிறுவ உதவும் ஆப்ட் கருவியின் 'ஆப்ட் அப்டேட்' கட்டளையைக் கொடுத்தார். திரையில் வரிகள் ஓடி நின்றன. பதிப்பு எண்ணைப் பார்த்தார். அதே 1.75.

"புதுப்பித்துவிட்டேன் அண்ணா, எண் மாறவே இல்லையே?"

பிழை நான் எழுதிய சொல்லில் இருந்தது. அப்டேட், அப்கிரேட், ரினியூ என்ற மூன்றுக்கும் 'புதுப்பி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஆப்ட் அப்டேட் என்ற கட்டளை எந்த மென்பொருளையும் தொடுவதில்லை. என்னென்ன பதிப்புகள் கிடைக்கின்றன என்ற பட்டியலை மட்டுமே அன்றைய நிலைக்குக் கொண்டுவருகிறது. தம்பியின் கணினியில் பட்டியல் இன்றைக்கு வந்துவிட்டது, தொகுப்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

புதுப்பித்தல் நல்ல சொல்தான். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மாத பஸ் பாஸைப் புதுப்பிக்கிறோம், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், பழைய கோயிலைப் புதுப்பிக்கிறோம். காலாவதியானதற்கோ பழுதானதற்கோ மீண்டும் உயிர் தருவது அது. கன்னடத்தில் 'நவீகரண' என்று எழுதுகிறார்கள். அதிலும் 'நவ' என்ற புதுமைதான் வேர். தொகுப்பிக்குக் காலாவதி கிடையாது. 1.75 இன்றும் ஓடும், அது ஏற்கும் நிரலைச் சரியாகவே மொழிமாற்றும். அதற்கு வந்த குறை ஒன்றே ஒன்று, அது நாளால் பின்தங்கியிருக்கிறது.

நாளைத் தன்னுள் வைத்திருக்கும் சொல் தமிழில் இருக்கிறது: இற்றை. இன்று என்ற சொல் 'ஐ' ஏற்கும்போது மெல்லின னகரம் வல்லின றகரமாகி இற்றை ஆகிறது. அன்று அற்றையாவதும், என்று எற்றையாவதும் இப்படித்தான். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குவது அற்றைக்கூலி. நன்னூல் இதற்கு விதியே வகுத்திருக்கிறது.

புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரி மகளிர் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்து நிற்கிறார்கள். "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்" எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. "இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்" இரண்டும் இல்லை என்கிறார்கள். அதே நிலா, அதே வெண்மை. அற்றையும் இற்றையுமே எல்லாவற்றையும் பிரித்துவிடுகின்றன. ஆண்டாளின் திருப்பாவையிலும் இற்றையும் எற்றையும் ஒரே பாசுரத்தில் வருகின்றன: "இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண் கோவிந்தா, எற்றைக்கும் ஏழேழ் பிறவிக்கும்…" இத்தனை ஆழமான வேர் உள்ள சொல்லை அகராதித் தமிழ் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் அப்டேட்டுக்கு 'இற்றைப்படுத்து' என்பதை வெகு இயல்பாகப் புழங்குகிறார்கள்.

வகுப்பில் ஒருவர் தடை சொன்னார். கயிறு இற்றுப்போனது, பலகை இற்றுப்போனது என்கிறோமே, அந்த வாடை இதில் அடிக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இற்றுப்போதலில் இருப்பது முறிதல் என்ற பொருளுள்ள 'இறு' என்ற வினை. இற்றையில் இருப்பது இன்று. இரண்டும் வேறு வேறு வேர்கள், ஒலி மட்டும் ஓரிடத்தில் உரசுகிறது. ஐகாரத்தை அழுத்திச் சொன்னால் குழப்பம் வராது.

ஆங்கிலச் சொல்லும் இதே வழியில்தான் வந்தது. 'அப்டேட்' என்றால் தேதி வரைக்கும் கொண்டுவருவது. அதில் உள்ள 'டேட்' லத்தீன் 'டாட்டா'விலிருந்து வந்தது. 'தரப்பட்டது' என்று பொருள். உரோமானியர்கள் கடிதத்தில், இன்ன ஊரில் இன்ன நாளில் தரப்பட்டது என்று குறிப்பார்கள். அந்தத் 'தரப்பட்டது'தான் மெல்ல மெல்ல நாளையே குறிக்கத் தொடங்கியது.

தொகுப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பைலர் நிரலை மொழிமாற்றத்தானே செய்கிறது, தொகுப்பி என்பது பொருந்துமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1952இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் தம் ஏ-0 என்ற மென்பொருளை கம்பைலர் என்று அழைத்தபோது, அது சேமித்து வைத்த துணைநிரல்களைத் தேடி எடுத்து ஒன்றாகத் தொகுத்தது. ஆகவே தமிழ்ச் சொல் அந்த முதற்பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மாற்றத் தேவையில்லை.

இனி, தொகுப்பிக்கு இற்றை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். ரஸ்ட் திறமூல மொழி, அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதன் 1.0 பதிப்பு 2015 மே 15 அன்று வெளியானது. அன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒரு நிலைப்பதிப்பு. யாரோ ஒருவர் அனுப்பும் திருத்தம் ஏற்கப்பட்டதும் முதலில் இரவுதோறும் உருவாகும் பதிப்பில் சேர்கிறது. பிறகு அது முன்னோட்டப் பதிப்பாகி ஆறு வாரம் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் பொதுக் களஞ்சியத்தில் உள்ள ஆயிரக்கணக்கான நிரல்தொகுதிகளைப் புதிய தொகுப்பியிடம் கொடுத்து, நேற்றுவரை ஓடியது எதுவும் இன்று முறிகிறதா என்று பார்க்கிறார்கள். கிரேட்டர் என்ற கருவி இந்தச் சோதனையைச் செய்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ரஸ்ட் தொகுப்பி ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. புதிய தொகுப்பியை உருவாக்க, அதற்கு முந்தைய தொகுப்பி வேண்டும். நேற்றையது இற்றையதைப் பெறுகிறது, அதுவே நாளையதைப் பெறும். புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள் இந்த வழிவழி வருகை அடங்குமா?

உருவானதை உலகுக்குத் தருவது வெளியீடு. வெளியிடு என்ற வினையில் 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது. கெடு கேடு ஆவதுபோல முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதை எடுத்துவந்து நம் கணினியில் நிலைக்க வைப்பது நிறுவுதல். சிலைக்கும் இதே சொல்தான். எங்கள் வகுப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் நிற்கிறார். 1991இலேயே நிறுவப்பட்ட அந்தச் சிலை, 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்துவைக்கப்பட்டது. இங்குள்ள தமிழர்களுக்கு நிறுவுதலும் வெளிவருதலும் வேறு வேறு என்று விளக்க வேண்டியதில்லை. மென்பொருளில் வரிசை மட்டும் மாறுகிறது: வெளியீடு முதலில், நிறுவுதல் அவரவர் கணினியில், அவரவர் நாளில்.

மேம்படுத்தல் அப்கிரேடுக்கு உரியது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. உபுண்டு 24.04 தன் ரஸ்ட் தொகுப்பியை 1.75இல் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆப்ட் அப்கிரேட் கொடுத்தாலும் அது அடுத்த எண்ணுக்குத் தாவாது. அன்றைய நிலைப்பதிப்பு வேண்டுமானால் மொழிக் குழுவினரே தரும் ரஸ்டப் கருவியை நிறுவி, 'ரஸ்டப் அப்டேட்' கொடுக்க வேண்டும். இங்கே அப்டேட் உண்மையிலேயே தொகுப்பியைத் தொடுகிறது. இரண்டு கருவிகளிலும் கட்டளைச் சொல் ஒன்று, தொடும் பொருள் வேறு. ஆகவேதான் இற்றைப்படுத்து என்று எழுதும்போது எதை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன்.

பொத்தானில் எழுத நீளம் என்று தோன்றினால் 'இற்றையாக்கு' போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் முதல் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ரஸ்டப் கருவியை நிறுவுக. அதன்வழி தொகுப்பியை இற்றைப்படுத்துக. பதிப்பு எண்ணைச் சரிபார்க்க." கிருஷ்ணகிரித் தம்பி மூன்றையும் முடித்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். எண் மாறியிருந்தது, அதன் அருகே அடைப்புக்குறிக்குள் அந்தப் பதிப்புக்குரிய தேதியும் இருந்தது.