“விசேஷம் உண்டா?”: முகச்சுளிப்பை அளப்பது எப்படி

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால், திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் “விசேஷம் எதுவும் உண்டா?” என்று கேட்பார்கள். “பிள்ளை வேண்டாம்னு ரெண்டு பேருமா முடிவெடுத்துட்டோம் அத்தை” என்று ஒரு பெண் சொன்னால், அத்தையின் முகம் மாறும். அந்த மாற்றத்தை எண்ணாக்க முடியுமா?

“வெறுக்கிறீர்களா?” என்று நேரே கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் லெஸ்லி ஆஷ்பர்ன்-நார்டோ வேறு வழியில் போனார். 2017இல் வெளியான அவருடைய ஆய்வில், 197 கல்லூரி மாணவர்கள் மணமான ஒருவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பைப் படித்து, அவரை மதிப்பிட்டார்கள். சிலருக்குக் கிடைத்த குறிப்பில் அவர் ஆண், சிலருக்குப் பெண். சிலருக்கு இரண்டு பிள்ளை பெற்றவர், சிலருக்கு வேண்டாம் என்று தீர்மானித்தவர். மற்றதெல்லாம் ஒன்றுதான். ஆகவே மதிப்பெண்ணில் வித்தியாசம் வந்தால், அது அந்தத் தீர்மானத்தால் வந்தது. வேண்டாம் என்றவருக்கு வாழ்க்கையில் நிறைவு குறைவு என்றார்கள். அவர்மேல் கோபமும் அருவருப்பும்கூட வந்தன.

2006இல் ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு, பிள்ளையே வேண்டாம் என்று தீர்மானிப்பதை ஏற்கிறீர்களா என்ற ஒரே கேள்வியைப் பாதிப் பேரிடம் பெண்ணை வைத்தும் மீதிப் பேரிடம் ஆணை வைத்தும் கேட்டது. இதுவும் அதே உத்திதான்.

சரி, இதையெல்லாம் அப்படியே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவரலாமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பிள்ளை வேண்டாம் என்றவர்களைப் பற்றிய மனப்பான்மையை அளக்க, அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆய்வாளர்கள் பயன்படுத்தியது ‘உணர்வு வெப்பமானி’: பிடிக்காதவருக்குக் குளிர்ந்த 0, மிகவும் பிடித்தவருக்குக் கதகதப்பான 100. குளிர் நாட்டில் கதகதப்பு என்றால் அன்பு. நமக்கோ மனசு குளிர வேண்டும். கொதித்தால் அது கோபம், எரிந்தால் பொறாமை. தமிழாக்கி, திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கிற வழக்கமான முறையில் இந்தப் பிழை அகப்படாது. சூடு சூடாகவேதான் திரும்பிப் போகும்.

அடுத்தது சொல். ‘பிள்ளையில்லாதவர்’ என்று கேட்டால் “பாவம்” என்பார்கள், ஏங்கித் தவிப்பவரை நினைத்துக்கொண்டு. வேண்டாம் என்றவரைக் குறிக்க நம் வீட்டுப் பேச்சில் தனிச் சொல்லே இல்லை. இரக்கமும் கண்டனமும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால், அதை அமெரிக்க எண்ணோடு எப்படி ஒப்பிடுவது? எடைக்கல் ஒன்றாக இருந்தால்தானே இரண்டு கடைத் தராசையும் ஒப்பிடலாம்?

அதனால் ‘தானாகத் தீர்மானித்தவர்’ என்பதைக் குறிப்பிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். பதிலை மாமியார் பக்கத்தில் இல்லாமல் தனியே வாங்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் எமோரி போகார்டஸ் 1925இல் ‘சமூகத் தூர’ அளவுகோலை அமைத்தபோது, இன்ன பிரிவினரை உறவாக, அண்டைவீட்டாராக ஏற்பீர்களா என்று படிப்படியாகக் கேட்டார். அந்தப் படிகளை நம் ஊர்ச் சடங்குகளிலிருந்தே எடுக்கலாம். பக்கத்து வீட்டில் குடிவைப்பீர்களா? உங்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கொடுப்பீர்களா? மகளின் வளைகாப்பில் முதல் வளையல் போட, பிள்ளை வேண்டாம் என்றவளைக் கூப்பிடுவீர்களா?