பாவாத மலையில் முதுகுக்குப் பின்னால் நடப்பது

இலங்கையின் பாவாத மலை, அதாவது சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாதம் வெசாக் வரை ஓடும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து ஆட்கள் அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படியேறி, 2,243 மீட்டர் உயரத்தில் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்து, சூரியன் தலை காட்டியதும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்த நேரம் எல்லார் முகமும் கிழக்கே. மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றால், இரத்தினபுரிக் காடுகளையும் தாண்டி அடிவானம் வரைக்கும் மலையின் நிழல் படுத்திருக்கும், இரண்டு ஓரமும் நேராக, நுனி கூராக, அசல் முக்கோணம்.

மலை கூம்பு, நிழலும் கூம்பு, இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். சரி, மஸ்கெலியாப் பக்கமிருந்து மலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் தோள் தோளாக இறங்கும். நிழலில் அந்தத் தோள் எங்கே போனது? ஹவாய்த் தீவில் மௌனா கேயா என்று 4,207 மீட்டர் எரிமலை இருக்கிறது, அதன் உச்சி அகலமாகப் பரந்து கிடப்பது, கூர் என்பதே கிடையாது. அங்கே நின்று பார்த்தாலும் நிழல் முக்கோணம்தான்.

அப்படியானால் முக்கோணத்தை உண்டாக்குவது மலை இல்லை, நாம் நிற்கிற இடம். மலைக்குப் பின்னால் வெளிச்சம் படாத காற்று ஒரு நீண்ட குகையாகப் பல பத்துக் கிலோமீட்டர் நீண்டு போகிறது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வருகின்றன, ஆகவே அந்தக் குகையின் பக்கங்களும் கிட்டத்தட்ட இணையானவை. நாம் அதன் வாசலில், மேல் விளிம்பில் நின்று உள்ளே பார்க்கிறோம். ரயில் பாதை நடுவில் நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒன்று சேருகிறதல்லவா, அதே கதைதான். உச்சி சதுரமாக இருந்தாலும், பல் பல்லாக இருந்தாலும் நீளம் அந்த வடிவத்தை விழுங்கிவிடும். சூரியன் ஒரு புள்ளியும் இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலமான வட்டம், அதனால் 50 கிலோமீட்டர் தள்ளி நிழலின் ஓரம் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குக் கலங்கிப்போகும். உச்சியிலிருக்கும் கோயில் கூரையெல்லாம் அதில் தேடினாலும் கிடைக்காது.

இன்னொரு விஷயம். அந்தக் கூர் நுனி இருப்பது சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், உங்கள் சொந்தத் தலையின் நிழல் விழ வேண்டிய இடமும் அதே திசைதான். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலை நுனியில், உங்களுக்கு உங்கள் தலை. சுவரோரம் நூறு பேர் நின்றால் நூறு முக்கோணம், ஒருவருடையதை மற்றவர் பார்க்க முடியாது. பக்தர்கள் இதற்கு என்ன அர்த்தம் சொல்வார்களோ, நான் அதில் தலையிடவில்லை.

ஆனால் நேரம் மிகக் குறைவு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது, நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை. தரை தட்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், சூரியன் ஒரு பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் 128 கிலோமீட்டர், அதாவது கொழும்பையும் தாண்டிக் கடலுக்குள். ஐந்து பாகையில் 26 கிலோமீட்டர்கூட இல்லை. இடையில் 16 நிமிஷம்தான், ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்துக் கதைத்துக்கொண்டு நின்றால் போச்சு. விழும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும்: ஜனவரியில் சூரியன் தென்கிழக்குச் சாய்வில் உதிப்பதால் நிழல் வடமேற்காகச் சாயும், பெப்ரவரி பிற்பாதியில் ஏறத்தாழ கொழும்பை நோக்கும், மார்ச் 21 வாக்கில் நேர் மேற்கு.

சில காலைகளில் நிழல் தரையிலிருந்து எழுந்து நமக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும். இதற்குக் கானல்நீர்க் கணக்கில் ஒரு விளக்கம் 1876-ல் எழுதப்பட்டது, காற்றடுக்குகளின் வெப்ப வித்தியாசத்தால் ஒளி வளைகிறது என்று. பத்து வருஷம் கழித்து, 1886-ல், ரால்ஃப் அபர்குரோம்பி என்ற வானிலை ஆய்வாளர் மலையேறிப் பார்த்து அதை மறுத்தார். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் கிளம்பி கிட்டே வரும்போது, தூரத்துத் தரையில் விழ வேண்டிய நிழல் அந்த மூட்டத்திலேயே விழுகிறது, மூட்டம் விலகினால் மறுபடி படுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்த நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பினால் உங்கள் தலை நிழலைச் சுற்றி வானவில் நிறத்தில் சின்ன வளையமும் தெரியும்.

அப்புறம், போயா அன்று ஏறுபவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம். பௌர்ணமி நிலா என்றாலே சூரியனுக்கு எதிர்ப் பக்கம் இருக்கும் நிலா, நிழலின் நுனியும் அந்தப் பக்கம்தான், ஆகவே விடியும் நேரம் மேற்கே மறையப்போகும் நிலா முக்கோணத்தின் நுனிக்குச் சில பாகைக்குள் நிற்கும். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து மறுநாள் போனீர்கள் என்றால், நிலா சுமார் 12 பாகை மேலே தள்ளிப் போயிருக்கும்.